பேச்சிக்கனி இறுக்கிய உள்வார்

அந்தக் காலத்தில் கழுதைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு. உப்பளத்தில் சுமையும் சரிபாதி. அங்கே பேச்சிக்கனி என்றொருத்தி இருந்தாள். ஆண்கள் இருவர் சேர்ந்து தூக்கும் உப்பு மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடப்பாள். அவள் வருகிறாள் என்றால் எதிரே வருகிறவர்கள் தாமாகவே ஒதுங்கி வழி விடுவார்கள். அந்த நடையில் அவளுக்கு அத்தனை பெருமை.

மூன்றாவது பிள்ளை பெற்று அளத்துக்குத் திரும்பிய அன்றே, மூட்டையோடு நிமிர முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். நடுமுதுகில் கோடாலி இறங்கியது போல வலி. நல்லெண்ணெய் தேய்த்தார்கள், நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தார்கள். தேய்க்கும்வரை சுகம், குனிந்தால் மறுபடி அதே வலி.

"இனி நிழல்ல உக்காந்து உப்புல தூசி பொறுக்குட்டி," என்றார்கள் கூட வேலை செய்த பெண்கள்.

பேச்சிக்கனிக்கு அழுகை முட்டியது. "பாழாப்போன முதுகு!" என்று திட்டினாள்.

பக்கத்தில் பொதியோடு நின்ற செவலைக் கழுதை திரும்பிப் பார்த்தது. "முதுகை எதுக்கு ஏசுத? எம்மேல பொதி வச்சதும் வயித்தச் சுத்தி வார் இழுத்துக் கட்டுதியே, ஏன்?"

"கட்டாட்டி பொதி ஆடி உன் முதுகை ஒடிச்சிரும்லா."

"உன் வயித்துக்குள்ளயும் அப்படி ஒரு வார் உண்டு. பிள்ளை பெத்ததுல தளந்து போச்சு. முன்னால பிடிக்க ஆளில்லாம முதுகு ஒத்தையில மல்லுக்கட்டுது. நான் கத்துறப்ப என் வயித்துல கைய வச்சுப் பாரு."

செவலை கத்தியது. அதன் அடிவயிறு உள்ளே ஒடுங்கிப் பலகை போல இறுகியதைப் பேச்சிக்கனியின் கை உணர்ந்தது.

அன்றிலிருந்து கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, மூச்சை விட்டபடி வயிற்றை உள்ளே இழுத்துப் பழகினாள். "கழுதையோட சேர்ந்து கழுதையாவே ஆயிட்டா!" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். வயிறும் லேசில் சொன்னபடி கேட்கவில்லை. அவள் விடவில்லை. மெல்ல மெல்ல வலி குறைந்தது. ஆனாலும் பாரத்தைத் தொட மட்டும் பயந்தாள்.

ஐப்பசியில் புயல் அடித்தது. உப்புக் கொட்டகை சரிந்து, பனை விட்டம் செவலையின் பின்னங்கால்களை அமுக்கிக் கிடந்தது. கடல் தண்ணீர் அளத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் தூரத்தில் கரை உடைப்பை அடைக்கப் போயிருந்தார்கள்.

"நீ போயிருட்டி, பிள்ளைகளுக்குத் தாய் வேணும்," என்றது செவலை.

"சும்மா கிட!" என்றாள் பேச்சிக்கனி. முந்தானையை இடுப்பில் வரிந்து கட்டினாள். விட்டத்தின் அடியில் கை கொடுத்துக் குந்தினாள். வயிற்றை எக்கி, தம் கட்டி, எழுந்தாள். விட்டமும் அவளோடு எழுந்தது. முதுகு சிணுங்கக்கூட இல்லை.

செவலை காலை உருவிக்கொண்டு எழுந்து நின்றது. விட்டத்தை இறக்கி வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடி பேச்சிக்கனி நிமிர்ந்து நின்றாள். முன்பு சிரித்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வரப்பிலிருந்து ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருத்தி குலவையிட்டாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று தொட்டுதான், பாரம் தூக்கப் போகிறவர் யாரானாலும் முதலில் இடுப்புத் துண்டை இறுக்கிக்கொள்கிறார்; வயிற்றை எக்கித் தம் கட்டிய பிறகே சுமையில் கை வைக்கிறார்.