அடி பார்க்காத காளான்

கடலோர மடத்தின் தலைவி உலகம்மைக்கு வயது நாற்பது. அவளுடைய சீடர் தாணுலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. இதில் சங்கடப்பட்டவர் தாணுலிங்கம் மட்டும்தான்.

"ஆறு வருடம் ஆயிற்று அம்மா. தனி மடம் வைக்க எனக்கு எப்போது அனுமதி?" என்று அன்று காலையும் கேட்டார். மூட்டைகூடக் கட்டியாகிவிட்டது.

"மழையில் வள்ளம் இறக்க முடியாமல் மீனவர்கள் பதினொரு பேர் சாப்பிட வருகிறார்கள். புற்றுக்காளான் பறித்து வந்து நீரே குழம்பு வையும். பந்தி முடியட்டும், சொல்கிறேன்."

தாணுலிங்கம் கூடையோடு ஓடினார். கடலைப் பார்த்த மேட்டில் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடம்பங்கொடியில் புதுப் பூ, நோட்டில் குறித்துக்கொண்டார். தலைக்கு மேல் ஆலாக்கள்; அண்ணாந்து எண்ணினார். பதினேழில் பறவைகள் கலைந்தன. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். கை மட்டும் கீழே காளானை அறுத்துக்கொண்டிருந்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். காளான் பறித்தவர் எல்லார் முன்னாலும் முதல் கவளம் உண்ண வேண்டும், பிறகே பந்தி. நச்சுக்காளான் அத்தனை அவசரப்படாது, மறுநாள்கூட வேலையைக் காட்டும் என்று நூல்களில் உண்டு. வழக்கம் நூல் படிப்பதில்லை. தாணுலிங்கம் படித்திருந்தார்.

பந்தி உட்கார்ந்தது. அவர் குழம்பு பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார்.

"நல்ல வாசம்," என்றாள் உலகம்மை. "தோண்டும்போது அடி நீளமாக இறங்கியதா?"

"தோண்டவில்லை அம்மா. மண் ஒட்டுமே என்று தண்டோடு அறுத்தேன்."

சொன்ன பிறகுதான் அவர் கை நின்றது. புற்றுக்காளானின் அடி வேர்போல் நீளும். அதைப் போலவே வெளுத்த நச்சுக்காளானுக்கு அடியில் கிண்ணம்போல் ஓர் உறை இருக்கும். எது இருந்தாலும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. குடையையாவது பார்த்தோமா என்று யோசித்தார். ஆலாக்கள்தான் நினைவுக்கு வந்தன.

"சாமி, பசி கண்ணைக் கட்டுது," என்றார் பந்தியில் மூத்தவரான வியாகுலம். "பறவை பூராவும் எண்ணுனீங்களாமே. எங்களையும் எண்ணி ஊத்துங்க."

விழுங்கினால் பந்தி நடக்கும். மாலைக்குள் அனுமதி கிடைக்கும். நாளைவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது.

தாணுலிங்கம் கவளத்தை உதறினார். சட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி, முழுவதையும் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார்.

நனைந்து திரும்பி வந்து, "பார்க்காமல் அறுத்தேன்," என்றார். "எது எதுவென்று எனக்குத் தெரியாது."

"போச்சு," என்றார் வியாகுலம். "கஞ்சியாவது உண்டா, அதையும் கொட்டியாச்சா?"

கஞ்சி இருந்தது. பதினொரு பேரும் குடித்தார்கள்.

உலகம்மை அவர்களிடம் கேட்டாள்: "நாளையும் மழைதான். இவரே பறித்துச் சமைப்பார். வருவீர்களா?"

"ஏன் வராம? கொட்டத் தெரிஞ்ச கையி. நம்பித் திங்கலாம்," என்றார் வியாகுலம், கஞ்சிக் கும்பாவின் மேல் குனிந்த தலையை நிமிர்த்தாமலே.

தாணுலிங்கம் உலகம்மையின் முகத்தையே பார்த்து நின்றார். "அம்மா, அனுமதி..."

"சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள். என் முகத்தில் என்ன தேடுகிறீர்? அவர் கும்பா காலியாக இருக்கிறது, பாரும்."