மேலிருந்து வரும் பந்து

"ஊரை விட்டுக் கிளம்பின அன்னிக்கு மாமா மைக்குல பேசினார், குரு. 'பந்து நம்ம காலை விட்டுப் போற வரைக்கும்தான்...' அப்படின்னு ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் என்ன சொன்னார்னு ஞாபகமே வரல."

"ஏன்?"

"மைக் கீச்சுனு கத்திச்சு. எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டோம்."

மைனா குரு ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"மாமா பேச்சை விடு. நீ எதுக்கு வந்தே?"

யுகேஷ் லிங்தேன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"அடிக்க வரமாட்டேங்குது, குரு."

கிழக்கு நேபாளத்தில் மலை உச்சி ஊர் ஒன்றிலிருந்து காத்மாண்டுவின் கால்பந்து அணி ஒன்றுக்கு வந்தவன் அவன். வயது பதினெட்டு. பந்து அவன் காலோடு பூனைக்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். நாலு பேர் சூழ்ந்தாலும் நடுவே சந்து கண்டுபிடித்து வெளியே வந்துவிடுவான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்காரர்களே அவன் பூட்ஸைப் பிடுங்கித் திருப்பிப் பார்ப்பார்கள், "இதுல என்னடா தடவி வெச்சிருக்கே?"

கோலுக்கு நேரே வந்துவிட்டால் மட்டும் கால் சுருங்கிவிடும். பந்தைப் பக்கத்தில் யாருக்காவது தள்ளிவிடுவான். யாரும் இல்லையென்றால் உருட்டுவான். கோல்கீப்பர் குனிந்து, விழுந்த சாவியை எடுப்பதுபோல எடுத்துக்கொள்வார்.

பத்து நாளில் நேபாளத்தின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தேர்வு ஆட்டம்.

"செலக்‌ஷன் கமிட்டில உன்னைப் பத்தி என்ன சொல்றாங்க தெரியுமா?" என்றார் மைனா குரு. "பந்து கால்ல இருந்தா இவன் சாமி. கோல் எதிர்ல வந்தா மணமேடையில தலை குனிஞ்சிருக்கிற மாப்பிள்ளை."

"அடிக்காத ஸ்டிரைக்கர் எங்களுக்கு வேணாம்னும் சொல்லிட்டாங்களாம்."

"அதுவும் சொன்னாங்க."

"இந்தத் தடவை எடுக்கலைன்னா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். என் கால்ல என்ன குறை, குரு?"

நேபாளத்தில் பயிற்சியாளரையும் குரு என்பார்கள், மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவரையும் குரு என்பார்கள். மைனா குருங்குக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. பெண்கள் அணியில் கோல்கீப்பராக இருந்தவர். வலது முழங்கால் ஒருநாள் கைவிட்டதும் பயிற்சி தர வந்துவிட்டார். கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்குக் குறைவு.

"உங்க ஊர் மைதானம் எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும்."

"எல்லார் ஊர் மைதானமும் நல்லாத்தான் இருக்கும். சுத்தி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ஒண்ணுமே இல்ல, குரு. மூணு பக்கமும் பள்ளம். கோலுக்குப் பின்னாடி மேகம்."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கோலுக்குப் பின்னாடி?"

"மேகம். மேகம் இல்லாத நாள்ல கீழ ஆறு தெரியும். நூல் மாதிரி."

"பந்து அந்தப் பக்கம் போயிடுச்சுன்னா?"

"அடிச்சவன் போய் எடுத்துட்டு வரணும். அதுதான் எங்க ஊர்ச் சட்டம்."

"கோல் விழுந்தாலுமா?"

"கோல் விழுந்தாலும்தான். வலை கிடையாதே. பலமா அடிச்சு கோல் போட்டவன் அப்படியே இறங்க வேண்டியதுதான். அவன் திரும்பறதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்துடுவாங்க."

"நீ இறங்கியிருக்கியா?"

"ஒரே தடவை. சின்ன வயசுல. பாதி வழியில மூங்கில் புதர்லயே கிடைச்சுது. எடுத்துட்டு ஓடி வந்தேன். மைதானத்துல ஒரு மாடு மட்டும் நின்னுட்டிருந்துது."

"அதுக்கப்புறம்?"

"உருட்டக் கத்துக்கிட்டேன்."

மைனா குரு ஆரஞ்சுத் தோலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"டிக்கெட் போடு."

"எங்கே, குரு?"

"உங்க ஊருக்கு. எனக்கும் சேர்த்து."

*

பஸ்ஸில் ஒரு இரவு. ஜீப்பில் ஒரு பகல். கடைசியில் நடை.

மறுநாள் காலை மைதானத்தைப் பார்த்தபோது மைனா குரு கழுத்துத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மலையின் முதுகை யாரோ உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கியதுபோல ஒரு புல்வெளி. வடக்கே பனிமலை. கையை நீட்டினால் குளிரும் என்று தோன்றியது. மற்ற மூன்று பக்கமும் புல் முடிகிற இடத்தில் எல்லாமே முடிந்திருந்தது. மேகம் கீழே கிடந்தது. ஒரு பருந்து அதன்மேல் வட்டமிட்டது. பருந்தின் முதுகு தெரிந்தது.

ஊரே ஆடிக்கொண்டிருந்தது. பெண்களும் ஆண்களும், பள்ளிக்கூட வாத்தியாரும், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்த தபால்காரரும்.

பந்து தரையை விட்டு எழவே இல்லை.

காலிலிருந்து காலுக்கு, காலிலிருந்து காலுக்கு, கணுக்காலுக்கு மேலே போகாமல், சத்தமில்லாமல் அது போய்க்கொண்டிருந்தது. தபால்காரர் வாத்தியாரை ஏமாற்றினார். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு தபால்காரரை ஏமாற்றினாள். கோலுக்கு முன்னால் மூன்று பேர் சேர்ந்து கீப்பரை ஒரு பக்கம் இழுத்தார்கள். நாலாவது ஆள் பந்தைக் கோட்டுக்குமேல் மெல்லத் தள்ளினான். தள்ளியதும் ஓடிப்போய் உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தினான்.

அவன் குதிகாலுக்குப் பின்னால் உலகம் இல்லை.

"அடேங்கப்பா," என்றார் மைனா குரு. "நானும் எத்தனையோ தேசத்துல நின்னு பார்த்திருக்கேன். இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்த்ததில்லடா."

யுகேஷுக்குப் பெருமையாக இருந்தது. குறை காலில் இல்லை என்று குரு சொல்லப்போகிறார் என்று நினைத்தான்.

கோலுக்குள் நின்றிருந்த மாமா பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஊர்த் தலைவரும் அவர்தான், ஊர்க் கோல்கீப்பரும் அவர்தான்.

"வாங்க தங்கச்சி! மருமகனோட குரு நம்ம ஊர்ப் பந்தை ஒரு தடவை தொட்டுட்டுக் குடுக்கணும்."

மைனா குரு பந்தை இரண்டு கையாலும் வாங்கினார். எடை பார்ப்பதுபோல லேசாகத் தூக்கிப் பிடித்தார். ஓரடி முன்னால் வைத்தார்.

நல்ல காலால் அடித்தார்.

பந்து கோலுக்கு மேலே போயிற்று. பருந்துக்கு மேலே போயிற்று. அந்த ஊரில் யாரும் பந்தை அவ்வளவு உயரத்தில் பார்த்ததில்லை. பனிமலை உயரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு வளைந்து, சின்னதாகி, மேகத்துக்குள் இறங்கிற்று. மேகத்தில் ஒரு துளை விழுந்து மூடிக்கொண்டது.

எல்லாரும் விளிம்புக்கு ஓடினார்கள்.

"அய்யய்யோ!" என்றார் தபால்காரர். "ஊருக்கு இருந்ததே அது ஒண்ணுதான்!"

"விருந்தாளி, பாவம், தெரியாம அடிச்சுட்டாங்க," என்றார் மாமா. "நம்ம ஆளு யாராவது போங்கப்பா."

"தெரியாம இல்லண்ணே. தெரிஞ்சுதான் அடிச்சேன். அடிச்சவ எடுக்கணும், அதுதானே சட்டம்? வழி எந்தப் பக்கம்?"

மாமா அவருடைய முழங்கால் உறையைப் பார்த்தார். "இந்தக் காலை வெச்சுக்கிட்டா, தங்கச்சி? ஆத்துக்கு இறங்கறதுக்கே சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும்."

*

யுகேஷ் கூடவே இறங்கினான். அவனுக்குக் கோபம் தாளவில்லை.

"ஏன் குரு அடிச்சீங்க?"

"பார்க்கணும்னு தோணிச்சு."

"என்னத்தை?"

"எங்கே போகுதுன்னு."

"கீழதான் போகும்! வேற எங்கே போகும்?"

"கீழன்னா எங்கே?"

அவன் முன்னால் இறங்கினான். பதில் தெரியவில்லை என்பது சிறிது தூரம் போன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

மேகத்துக்குள் நுழைந்தார்கள். மேகத்தை விட்டு வெளியே வந்தார்கள். ஏலக்காய்த் தோட்டம். படிப்படியாக வயல். குருவுக்கு ஒவ்வொரு படியும் வலித்தது. ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கி வைத்தார்.

பாதி வழியில் மூங்கில் புதர் வந்தது. யுகேஷ் குனிந்து தேடினான். பந்து இல்லை.

"இந்தப் பக்கம் இதுக்குக் கீழ நான் போனதில்லை, குரு."

"வா, போகலாம்."

புதரைத் தாண்டியதும் காற்று சூடாயிற்று. வேறு மரங்கள். வேறு பறவைகள். ஆற்றின் சத்தம் முதலில் மெலிதாகவும், பிறகு பேச்சை அமுக்குகிற அளவுக்கும் கேட்டது. மேலிருந்து நூலாகத் தெரிந்த தமோர் ஆறு பச்சையாக, பாறை பாறையாகத் துள்ளிக்கொண்டு போயிற்று. யுகேஷ் அண்ணாந்து பார்த்தான். தான் பிறந்த ஊர் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

ஆற்றங்கரையில் சில கூரை வீடுகள். படகையும் மீனையும் நம்பிப் பிழைக்கிற மாஜி என்னும் இனத்து மக்களின் ஊர் அது. மணலில் இருபது முப்பது பேர் கூடி நின்றிருந்தார்கள். எல்லாரும் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் ஒரு இளம்பெண். அவள் கையில் பந்து.

இவர்களைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கிற்று.

"நீங்க மேலேர்ந்தா வர்றீங்க? உங்களோடதா இது?"

"ஆமாம்," என்றார் மைனா குரு.

"ஓடையில விழுந்து குதிச்சுக் குதிச்சு வந்துச்சு! எங்கப்பாதான் முதல்ல பார்த்தார். வலையை அப்படியே போட்டுட்டு, 'சுனமாயா, வந்துடுச்சு, வந்துடுச்சு'ன்னு கத்தினார். நான் தண்ணிக்குள்ள ஓடிப் பிடிச்சேன். இங்க பாருங்க, ஒரு கீறல்கூட இல்ல."

அவள் பந்தைத் திருப்பிக் காட்டினாள்.

"முன்னாடியெல்லாம் நிறைய வருமாம். மழைக்காலம் முடிஞ்சா எப்படியும் ஒண்ணு ரெண்டு வந்துடும்னு அப்பா சொல்லுவார். யாராவது தேடிட்டு வந்தா சோறு போட்டு, பந்தைக் குடுத்து அனுப்புவோம். வரலைன்னா எங்களுக்கு."

அவளுக்குப் பின்னால் மணலில் ஒரு மைதானம் இருந்தது. மூங்கில் கோல். கோலுக்கு மீன் வலை கட்டியிருந்தார்கள்.

"சின்ன வயசுல நான் என்ன நெனச்சுட்டிருந்தேன் தெரியுமா? மழை மாதிரி பந்தும் மேலேர்ந்துதான் வரும்னு. கடையில விக்கிறாங்கன்னே எனக்குத் தெரியாது."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்," என்றார் மைனா குரு.

சுனமாயா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். குருவால் தடுக்க முடியவில்லை.

அவள் நிமிர்ந்து யுகேஷைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்களும் அந்த ஊருதானே? மேல இப்பல்லாம் யாரும் விளையாடறதில்லையா?"

"விளையாடறோமே. தினமும் விளையாடறோம்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் வர்றதில்லை?"

ஆறு சத்தம் போட்டுக்கொண்டு போயிற்று.

யுகேஷ் குருவைப் பார்த்தான்.

"என்னை ஏண்டா பார்க்கறே?" என்றார் மைனா குரு. "கேட்டது உன்னை."

*

இரவு மீன் குழம்பும் சோறும் போட்டுப் படுக்க இடம் கொடுத்தார்கள். காலையில் சுனமாயா தயங்காமல் பந்தை எடுத்துக் கொடுத்தாள். தேடி வந்தவர்களுக்குக் கொடுப்பதுதான் அவர்கள் ஊர் வழக்கம்.

இருவரும் ஏறினார்கள். பந்து யுகேஷின் கையில் இருந்தது. மூங்கில் புதருக்குப் பக்கத்தில் அவன் நின்று திரும்பிப் பார்த்தான். கீழே மணலில் புள்ளி புள்ளியாக ஆட்கள் தெரிந்தார்கள். இன்னும் அண்ணாந்து பார்க்கிறார்களா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஊரே காத்திருந்தது.

"வந்துட்டாங்க! பந்தோட வந்துட்டாங்க!"

"தங்கச்சி, கால் இருக்கா, போயிடுச்சா?" என்றார் மாமா.

"இருக்குண்ணே. கணக்குக்கு ரெண்டும் இருக்கு."

மைனா குரு புல்லில் உட்கார்ந்து முழங்கால் உறையைக் கழற்றினார். தபால்காரர் அவருக்குத் தேநீர் கொண்டுவந்தார்.

"எடுத்துட்டு வந்தவங்களுக்கு முதல் அடி," என்று மாமா ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். "நம்ம வழக்கம் அதுதான். தங்கச்சி, நீங்க வாங்க."

"சுமந்துட்டு வந்தவன் அவன்தான்," என்றார் மைனா குரு.

மாமா கோலுக்குள் போய் நின்று வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டார். "சரி, உருட்டுடா மருமகனே."

மற்றவர்கள் வழக்கம்போல நெருங்கி வந்தார்கள். இருவர் கோட்டுக்கு அப்பால் விளிம்போரமாகப் போய், பந்தைக் காலால் அமுக்கத் தயாராக நின்றார்கள்.

யுகேஷ் பந்தைப் புல்லில் வைத்தான். பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

அந்த மைதானத்தில் பந்தை வைத்துவிட்டு யாரும் பின்பக்கமாக நடந்ததில்லை.

"எங்கடா போறே?" என்றார் மாமா. "பந்து இங்க இருக்கு!"

அவன் இன்னும் கொஞ்சம் நடந்தான். விளிம்பில் நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மைனா குரு தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவன் பக்கம் திரும்பவில்லை.

கோலுக்குப் பின்னால் மேகம் விலகியிருந்தது.

"டேய் யுகேஷ்! அந்தப் பக்கம் போச்சுன்னா நீதாண்டா இறங்கணும்!"

அடிப்பதென்று யுகேஷ் முடிவு செய்தான்.