துண்டித்தது யார்?

மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர் அது. வெளியே போட்ட துணி காயாது, உள்ளே மூட்டிய புகை வெளியேறாது. பக்கத்தில் நிற்பவரின் முகம் திடீரென்று காணாமல் போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். அந்த ஊரில் உமையாள் என்று ஒருவர் இருந்தார். காலையில் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவரும் சும்மா உட்கார்ந்திருப்பார். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் வேர்க்கடலை உரிப்பார்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் அறவாழி. மூத்தவர் என்றால் வயதில்தான். குருவைவிட இருபது வயது பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தோட்டம் போடலாமா என்று யோசித்து, முதுகு வலிக்குமே என்று ஞானத்துக்கு வந்தவர்.

அன்று காலை அவர் வந்தது ஞானத்துக்காக இல்லை.

"அம்மா, எங்க வீட்ல வைஃபை நிக்க மாட்டேங்குது," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

அறவாழியின் ஒரே மகள் பொற்கொடி கனடாவில் இருந்தாள். அம்மா தேடிப் பிடித்துக் கட்டிவைத்த மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள். புறப்பட்ட அன்று வீட்டின் முன்னறையில் அம்மா சொன்ன ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டியவள், இரண்டு வருடமாக அம்மாவோடு பேசவில்லை. அம்மா செண்பகவல்லியும் அதற்குப் பிறகு முன்னறைப் பக்கம் வருவதில்லை. வீட்டின் கடைசியில் இருந்த பின்னறையே அவருக்கு உலகம் என்று ஆகிவிட்டது. அறவாழி இரண்டு பக்கமும் கெஞ்சிக் கூத்தாடி, போன ஞாயிற்றுக்கிழமைதான் இருவரையும் வீடியோவில் பேச வைத்தார்.

"பேச ஆரம்பிச்சு மூணு நிமிஷம்கூட ஆகலைங்க. இவ பேசிட்டு இருக்கும்போதே படம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் போயே போச்சு. 'பாத்தீங்களா, கட் பண்ணிட்டா'ன்னு இவ சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. அவளுக்குப் போட்டா, 'அம்மா மூஞ்சியில அடிச்ச மாதிரி கட் பண்ணிட்டாங்க'ங்கிறா."

"கட் பண்ணுனது யாரு?" என்று கேட்டார் உமையாள்.

"ரெண்டு பேரும் இல்லைங்க. வைஃபைதான்."

"அதை அவங்ககிட்ட சொல்லலாமே."

"சொன்னேன். யாரும் நம்பலை. இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பப் பேசறதா இருக்கா. இதுவும் கட் ஆனா இனிமே என்னைக் கேக்காதீங்கப்பான்னு சொல்லிட்டா."

உமையாள் மடியில் கிடந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தார்.

"வாங்க, பாப்போம்."

தெருவில் மேகம் அவர்களுக்கு முன்னால் நடந்துபோனது. அறவாழியின் வீடு மலைச்சரிவில் நீளவாக்கில் கட்டிய பழைய கல்வீடு. முன்னறை, கூடம், குடையும் செருப்பும் கிடக்கிற ஒரு இடைவழி, சமையலறை, பின்னறை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். குளிருக்குப் பயந்து யாரோ சுவரை இரண்டு முழ அகலத்துக்குக் கட்டியிருந்தார்கள்.

"முன்னறையிலதான் லைன் வருது," என்று அறவாழி காட்டிக்கொண்டே போனார். "அங்க ஒரு பெட்டி. அது பின்னறை வரைக்கும் எட்டாதுன்னு கடையில இன்னொரு பெட்டி குடுத்தாங்க. முதல் பெட்டி குடுக்கிறதை இது வாங்கி, அடுத்த பக்கம் தள்ளிவிடும். ரெண்டும் சேந்து ஒரே வலையாம்."

இரண்டாவது பெட்டி பின்னறையில், செண்பகவல்லியின் கட்டிலை ஒட்டிய மேசைமேல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

"வாங்கம்மா," என்றார் செண்பகவல்லி. "இவருக்கு இப்ப இந்தப் பெட்டிதான் குலதெய்வம்."

அறவாழி ஒரு வாரமாகத் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார். பெட்டியை அணைத்துப் போட்டார். இரும்பு பீரோவைத் தள்ளி வைத்தார். கடைக்குப் போய்ச் சண்டை பிடித்துப் பெட்டியையே மாற்றி வாங்கி வந்தார். போனில் ஏதேதோ அமைப்புகளை மாற்றிப் பார்த்ததில், அடுத்த வீட்டுக்காரரின் தொலைக்காட்சிப் பெயர்தான் தெரியவந்தது.

"இங்க பாருங்க, சிக்னல் கோடு எல்லாம் முழுசா இருக்கு. ஒண்ணுகூடக் குறையலை," என்று போனை நீட்டினார்.

கோடுகள் நிறைந்து நின்றன. அதற்குக் கீழே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

உமையாள் அந்த வட்டத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"நீங்க இப்படி உக்காருங்க. நான் முன்னறைக்குப் போய் ஒண்ணு சொல்றேன். அதைக் கேட்டு இவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் போனார். அறவாழி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். சன்னல் வழியாக மேகம் நுழைந்து மேசையை மூடியது. வீடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது. உமையாள் முன்னறைக்குப் போகவில்லை, மலையைத் தாண்டி எங்கோ போய்விட்டார் என்று அவருக்குத் தோன்றியது. தூரத்தில் ஏதோ ஒலித்தது. மனிதக் குரலா, மரத்தில் ஏதாவது பறவையா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் செண்பகவல்லி.

அறவாழிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்றாங்க."

"நடந்தா சரிதான்," என்றார் செண்பகவல்லி.

உமையாள் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னேன்?"

"எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொன்னீங்களாம்," என்றார் செண்பகவல்லி.

"வெளியில துணி நனையுதுன்னு சொன்னேன்."

செண்பகவல்லி சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். துணி நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். அறவாழிக்குக் காது மடல் சூடானது.

"உங்க குரல் இங்க வரைக்கும் வரலைங்க," என்றார்.

"வரலைன்னு நீங்க சொல்லலையே."

உமையாள் மறுபடியும் முன்னறைக்குப் போனார். இந்த முறை அறவாழியைச் சமையலறையில் நிற்கச் சொன்னார். முணுமுணுப்பாக ஏதோ வந்தது, சொல்லாக வரவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, குடையும் செருப்பும் கிடந்த இடைவழியில் போய் நின்றார்.

"துணி இன்னும் நனையுது," என்று முன்னறையிலிருந்து தெளிவாகக் கேட்டது.

"துணி இன்னும் நனையுதாம்," என்று அவர் பின்பக்கம் திரும்பிச் சொன்னார்.

"போய் எடுங்களேன்," என்றது பின்னறைக் குரல்.

அறவாழி அசையாமல் நின்றார். இரண்டு குரலும் அவருக்குக் கேட்டன. இத்தனை வருடத்தில் இந்த இடத்தில் அவர் ஒரு நாளும் நின்றதில்லை. செருப்பைக் கழற்றுவார், போய்விடுவார்.

உமையாள் வந்து பக்கத்தில் நின்றார்.

"பெட்டியையும் இங்க வைக்கணுமாங்க?"

"வெச்சுப் பாருங்க."

"இங்க யாரும் உக்கார மாட்டாங்களே. இங்க யாருக்குங்க வேணும்?"

"யாருக்கும் வேண்டாம்."

அறவாழி குடைகளை ஒதுக்கி ஒரு முக்காலியைப் போட்டார். கூடத்திலிருந்து மின் ஒயரை இழுத்து, பின்னறைப் பெட்டியைக் கொண்டுவந்து முக்காலிமேல் வைத்தார். பச்சை விளக்கு கண்ணைத் திறந்தது. பின்னறைக்கு ஓடிப் போய்ப் போனைப் பார்த்தவர், கவலையோடு திரும்பி வந்தார்.

"ஒரு கோடு குறைஞ்சிருச்சுங்க."

"குறையட்டும்."

வட்டம் மட்டும் சுற்றவில்லை. அறவாழி ஏதோ ஒரு சமையல் வீடியோவைப் போட்டு விட்டார். கத்தரிக்காய் வதங்கி, குழம்பு கொதித்து, இறக்கி வைக்கும்வரை படம் நிற்கவே இல்லை. செண்பகவல்லி புளி அதிகம் என்று குறை சொன்னார்.

சாயங்காலம் குருவும் சீடரும் இடைவழியில் ஆளுக்கொரு பலகையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மேகம் தரையோடு வந்து செருப்புகளை மூடியிருந்தது.

"அன்னைக்குக் கட் ஆனப்ப செண்பகவல்லி என்ன சொல்லிட்டு இருந்தாங்க?" என்று உமையாள் கேட்டார்.

"'நான் அன்னைக்குச் சொன்னது தப்புடி'ன்னு சொன்னா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"மக காதுல எவ்வளவு விழுந்துச்சு?"

"'நான் அன்னைக்குச் சொன்னது' வரைக்கும். அம்மா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கன்னு அழுதா."

"மிச்சத்தை நீங்க சொல்லலையா?"

அறவாழி தரையைப் பார்த்தார்.

"அவ கொதிச்சுப் போயிருந்தா. அந்நேரத்துல எதைச் சொன்னாலும் சண்டையாகும். அதனால, 'விடும்மா, உங்கம்மா அப்படித்தான்'னு சொன்னேன்."

"செண்பகவல்லிகிட்ட?"

"'விடு, உம்பொண்ணு அப்படித்தான்'னு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. இரண்டு பேருக்கும் தான் மட்டுமே ஆறுதல் என்று இந்த இரண்டு வருடமும் நினைத்திருந்தார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது எழுந்து வெளியே போய்விடலாம்போல் வெட்கமாக இருந்தது.

"இப்பவே கூப்பிட்டு மிச்சத்தைச் சொல்லிரட்டுமா?"

"அவங்களுக்கு வாய் இருக்கே."

பின்னறையில் போன் மணி அடித்தது. அறவாழி துள்ளி எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"போன் பிடிச்சுக்க."

"அவங்களுக்குப் பிடிக்கத் தெரியாதா?"

அறவாழி நின்றார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மணி நின்றது. அவர் மெல்லப் பலகையில் உட்கார்ந்தார்.

"சாப்டியா?" என்றது செண்பகவல்லியின் குரல்.

"இப்பதான் எந்திரிச்சேன்," என்றது மகளின் குரல். சமையலறையைத் தாண்டி, பக்கத்தில் இருப்பதுபோல் வந்தது.

"அங்க குளிரா?"

"ம்."

"இங்கயும்தான்."

பிறகு ஒரு இருமல். வளையல் நகரும் சத்தம்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்புடி," என்றார் செண்பகவல்லி.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வரவில்லை. செண்பகவல்லியும் பேசவில்லை. வீடு மறுபடியும் நீள ஆரம்பித்தது. மேகம் முழங்காலுக்கு ஏறி, முக்காலியை மூடி, பச்சை விளக்கை மங்கலாக்கியது. அறவாழிக்கு நேரம் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. இதே இடத்தில்தான் போன தடவையும் கட் ஆனது. இன்னும் ஒரு நொடியில் இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாள், மகள் இனிமேல் கூப்பிடவே மாட்டாள்.

அவர் பெட்டியை அணைத்துப் போடக் கையை நீட்டினார்.

"கட் ஆயிருச்சுங்க," என்றார்.

உமையாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கட் ஆகலைங்க. இப்பதான் கேட்டிருக்கு."