கரடியின் குகை யாருக்கு?

“நாம இருந்த இடம் நமக்கு அப்புறமும்…” குளக்கரைக் கூட்டத்தில் கிழட்டு யானை இப்படி ஏதோ சொன்னது. மீதி கரடிக்கு மறந்துவிட்டது. ஆனால் அந்த அரை வாக்கியம் கோடை முழுக்க அதன் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

கரடிக்கு வயதாகிவிட்டது. பல் ஆடியது. அதற்குச் சொந்தமாக ஒரு தேன்பாறை, நான்கு நாவல் மரங்கள், மேட்டில் ஒரு குகை. குகையைப் பத்து வருடம் தன் நகத்தாலேயே தோண்டி அகலமாக்கியிருந்தது. எத்தனை மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. கரடிக்கு அதில் அவ்வளவு பெருமை!

அந்தக் காட்டில் உயில் எழுதித் தருவதைத் தொழிலாகச் செய்தவர்கள் இருவர். முதலில் கீரி வந்தது.

“பிள்ளைகள் எத்தனை, ஐயா?”

“ரெண்டு.”

“ஆளுக்குப் பாதி! முடிந்தது. இங்கே பாதத்தைப் பதியுங்கள்!”

கரடி வாயைத் திறந்தது, மூடிக்கொண்டது. பிள்ளைகளுக்குப் போக, காட்டுக்கும் ஏதாவது கொடுக்க அதற்கு ஆசை. தானாகச் சொன்னால் ‘பேர் வாங்கச் செய்கிறான்’ என்று சிரிப்பார்களோ? கீரியோ கேட்கவே இல்லை. “அப்புறம் பார்க்கலாம்” என்று கரடி அதை அனுப்பிவிட்டது.

வழியில் கீரி முள்ளம்பன்றியிடம் புலம்பியது. “கிழம் என்னவோ மென்று முழுங்குது! தோண்டிக் கேட்டால் கோபம் வரும். நமக்கு எதுக்கு வம்பு?”

“கேட்கிறதுதானேய்யா நம்ம தொழிலே!” முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நேரே குகைக்குப் போனது.

“அண்ணே, பிள்ளைங்களுக்குக் கொடுத்தது போக, இந்தக் காட்டுக்கு ஏதாவது விட்டுப்போகணும்னு மனசுல இருக்கா?”

கரடி நிமிர்ந்து உட்கார்ந்தது. “இதைக் கேட்க ஒருத்தன் வந்தியே! எழுது! என் தேன்பாறை சருகுமான் கூட்டத்துக்கு! போன மழை வெள்ளம் அதுங்களோட ரெண்டு குட்டியை அடிச்சுட்டுப் போச்சே, பாவம்!”

முள்ளம்பன்றி எழுதவில்லை. “சருகுமான் பாறை ஏறுமா, அண்ணே?”

“ஏறாது…”

“தேன் குடிக்குமா?”

“தேனை யாராவது வேண்டாம்பாங்களா!”

“எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுவோமே.”

இரண்டும் புதர்ப் பக்கம் போயின. முயலளவே இருந்த தாய்ச் சருகுமான் தயங்கித் தயங்கிப் பேசியது. “கோவிச்சுக்காதீங்க மாமா. தேனீச் சத்தம் கேட்டாலே நாங்க ஓடி ஒளிஞ்சுக்குவோம்! மழை வர்றதுக்குள்ள குட்டிங்களுக்கு நனையாத இடம் ஒண்ணு கிடைச்சா போதும்.”

கரடி மேட்டில் இருந்த தன் குகையைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கத்தில் நனையாத இடம் ஒன்றுதான்.

“குகை பிள்ளைங்களுக்காச்சேப்பா…” என்றது கடைசியில்.

“அவங்களையும் கூப்பிடுங்க, அண்ணே. நீங்க இருக்கும்போதே உங்க வாயாலே கேட்கட்டும். அப்புறம் சண்டை வராது.”

மகன்கள் வந்தன. குகையைச் சருகுமானுக்குக் கொடுக்கலாமா என்று கரடி கேட்டதும் மூத்தது உறுமியது. “காட்டிலேயே பெரிய குகை எங்கப்பா தோண்டினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறேன். அதைப் போய் சருகுமானுக்கா!”

“உனக்குத்தான் அருவிப் பக்கம் குகை இருக்கே!” என்றது இளையது. “எனக்கும் இருக்கு. தேனும் நாவலும் நமக்குப் போதாதா? குட்டிங்க உள்ளே படுத்திருந்தாலும் அது அப்பா தோண்டின குகைதானே?”

மூத்தது மூக்கைச் சொறிந்தது. கொஞ்ச நேரம் தகப்பனின் தேய்ந்த நகங்களையே பார்த்தது. பிறகு சொன்னது: “அப்படின்னா வாசல்ல அப்பா பேரைக் கீறணும். பெருசா!”

“அதை நானே கீறுறேன்!” முள்ளம்பன்றி தன்னிடமிருந்த முட்களிலேயே நீளமானதாகப் பார்த்து ஒன்றைப் பிடுங்கியது.

கொடுக்கும் மனம் இருப்பவரிடம் அதைக் கேட்டறிந்து, பெறுபவரின் தேவையோடு சேர்த்துவைப்பவரே நல்ல ஆலோசகர்.

உயில் எழுதி முடிந்தது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கரடி அன்றைக்கே குகையைக் காலி செய்து சருகுமான்களிடம் ஒப்படைத்துவிட்டு, இளைய மகனின் குகைக்குக் குடிபோனது.