ரப்பர் சில்லும் ஆள்காட்டியின் முட்டைகளும்

காட்டோரக் குளக்கரையில் வேம்பன் என்ற முள்ளம்பன்றி இருந்தது. பக்கத்தில் சிறுவர் பூங்கா கட்டிய மனிதர்கள், பழைய டயர்களை அரைத்துச் செய்த ரப்பர் சில்லுகளில் மிஞ்சியதை மூட்டை மூட்டையாக அந்தக் கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். மற்ற விலங்குகள் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தன. வேம்பன் மட்டும் ஒரு மூட்டையைக் கடித்துக் கிழித்தது.

சில்லைச் சேற்றுப் பாதையில் பரப்பியது. அதன்பின் யாரும் வழுக்கி விழவில்லை. முயலின் கீரைப் பாத்தியைச் சுற்றிப் போட்டது. களை அடங்கியது, ஈரமும் காயவில்லை. குரங்குக் குட்டிகள் தாவிப் பழகும் மரத்தடியில் கொட்டியது. விழுந்த குட்டி அழாமல் எழுந்து மறுபடி ஏறியது.

"முதுகு பூரா முள்ளு, மண்டை பூரா யோசனை! ஆளப் பாரு," என்றது கிழட்டுக் குரங்கு.

வேம்பனுக்கு அந்தப் பேச்சு இனித்தது.

பகலில் வளைக்குள் தூங்கி இரவில் திரிவதுதான் அதன் வழக்கம். ஒரு நண்பகலில் தாகம் தாங்காமல் வெளியே வந்து, வெயிலில் கிடந்த சில்லின் மேல் கால் வைத்துவிட்டது. பாதம் வெந்துபோனது.

"என்ன மச்சான் நொண்டுற?" என்றது குரங்கு.

"முள்ளு குத்திடுச்சு."

"உனக்கேவா?"

குரங்கு சிரித்தது. வேம்பனும் சிரித்து வைத்தது. சுட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி வந்தது. வெட்டவெளித் தரையில் முட்டையிடும் இனம் அது.

"அண்ணே, போன தடவை திடீர் மழையில முட்டையெல்லாம் தண்ணியில போயிடுச்சு. இந்தச் சில்லுல தண்ணி நிக்காதாமே. இதுமேல போடலாமா?"

வேம்பனின் பாதம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. குரங்கோ கிளையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"தாராளமாப் போடு தங்கச்சி."

செம்மூக்கி நான்கு முட்டைகள் இட்டது. அதற்கப்புறம் வேம்பனுக்குப் பகல் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு நண்பகல் போய்ப் பார்த்தது. செம்மூக்கி குளத்துக்குப் பறந்து வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. ஈரம் காய்ந்ததும் மறுபடி பறந்தது. அதன் அலகு திறந்தே கிடந்தது. கால்கள் கொப்பளித்திருந்தன.

"முட்டை கொதிக்குது அண்ணே. எனக்குத்தான் சரியா நனைக்கத் தெரியல போல. நீங்க நல்ல இடம்தான் சொன்னீங்க."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"இன்னும் கொஞ்சம் நனைச்சுப் பாரு," என்று சொல்லிவிட்டு வேம்பன் வளைக்குத் திரும்பியது.

வளைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சியில் வேம்பனால் படுக்க முடியவில்லை. 'அவள் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாள். அதையும் நான் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என்ன பிறவி நான்?' என்று நினைத்தது. எழுந்து அந்த வெயிலிலேயே ஓடியது.

"செம்மூக்கி, தப்பு உன்மேல இல்ல. இது வெயில்ல நெருப்பாச் சுடும். எனக்கு முன்னாடியே தெரியும். என் காலே வெந்துச்சு. முள்ளு குத்துச்சுன்னு பொய் சொன்னேன்."

கரைப்பக்கம் ஒரு நாய் வந்தாலே செம்மூக்கி காடு முழுக்கக் கேட்கக் கத்தும். இப்போது கத்தவில்லை. வேம்பனைப் பார்த்தது. பிறகு முட்டைகளுக்கு அடியிலிருந்த சில்லை அலகால் தள்ளத் தொடங்கியது. வேம்பன் சுற்றிலும் கிடந்த சில்லையெல்லாம் வெறுங்காலால் வாரி வெளியே எறிந்தது. மண் தெரியும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நான்காவது முட்டை அப்படியே கிடந்தது.

வேம்பன் குஞ்சுகளைப் பார்க்கப் போனது. "வா," என்றது செம்மூக்கி. "அண்ணே" என்று சொல்லவில்லை. வேம்பனும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை.

பிறகும் பலர் சில்லுக்காக வந்தார்கள். வேம்பன் முதலில் தன் பாதத்துத் தழும்பைக் காட்டியது. அப்புறம்தான் பாதைக்கும் பாத்திக்கும் மரத்தடி நிழலுக்கும் அது எவ்வளவு நல்லது என்று சொன்னது.

ஒரு பொருளின் நன்மையை மட்டும் சொல்லி, தான் அறிந்த தீமையை மறைப்பவன், தன்னை நம்பி வந்தவரையே சுடுகிறான்.