ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போட்ட பாதை

நம்ம தாத்தாவோட தாத்தாவெல்லாம் பொறக்குறதுக்கு ரொம்ப முன்னாடி, கருங்காட்டுச் சீமைன்னு ஒரு சீமை. அதை ஆண்டவரு வேங்கைராயரு. பேருதான் வேங்கை, பேச்செல்லாம் மூக்கால. காலைல ஒண்ணு கேப்பாரு, மத்தியானம் கொண்டுபோய்க் குடுத்தா, "இதை எவன்யா கேட்டான்?"ம்பாரு.

ஒருநாள் அவருக்கு ஆயிரங்கால் மண்டபம் வேணும்னு தோணிப்போச்சு. கல்லுல இல்ல. கல்லு மண்டபம் பக்கத்து நாட்டு ராசாகிட்டயே இருக்காம். இவருக்குத் தேக்குல வேணுமாம். தேக்கு இருக்கறது மேக்கே பெரிய காட்டுல. மேட்டுக்கு மேடு தேக்கு நிக்கும், நடுவுல பூரா சேறு. ஒத்த மரத்தைக்கூட வண்டியில கொண்டாற வழி கெடையாது. அப்ப பாதையை எப்படிப் போடுறதுன்னு சபையில கேட்டாரு.

மந்திரி உத்தண்டி எந்திரிச்சாரு. வாயைத் தொறந்தா அவரு கேலிக்குச் சபையே சிரிக்கும், ஆனா அன்னைக்கு நிதானமாப் பேசினாரு. சேத்துல எறங்காம மேட்டோடயே வளைஞ்சு வளைஞ்சு ஒரே ஒரு பாதை போடுவோம். வருசத்துக்கு ஒரு பக்கத்து மரத்தை மட்டும் வெட்டுவோம். காட்டைச் சுத்தி முடிச்சு மொதப் பக்கத்துக்கு நாம திரும்பி வாரதுக்குள்ள அங்க வச்ச கன்னு மரமாகியிருக்கும். மறுபடி அதே பாதை, அதே வண்டி. உங்க பேரப்புள்ளைக்கும் காடு இருக்கும்னாரு.

"மண்டபத்துக்கு எத்தனை வருசம் ஆகும்?"

"ஒரு முப்பது வருசம், மகாராசா."

ராசா மூக்கைத் தடவினாரு. "அதுக்குள்ள நான் சாம்பலாயிருவேன். சாம்பலுக்கு எதுக்குய்யா மண்டபம்?"

இந்த ஒரு பேச்சுக்காகவே காத்துக்கெடந்தவரு அலங்காரம்பிள்ளை. ராசா தும்மினா இவரு தன் மூக்கைத் துடைச்சுக்குவாரு, அப்படியாப்பட்ட ஆளு. உத்தண்டி மேல நெஞ்சு கொள்ளாத பொறாமை. குழைஞ்சுக்கிட்டே முன்னால வந்து, "மகாராசா யாருக்கும் வளைய மாட்டீங்க. உங்க பாதை எதுக்கு வளையணும்? நேரா போடுவோம். அடுத்த மழைக்குள்ள மண்டபம்"ன்னாரு.

ராசாவுக்குக் குளுந்துபோச்சு. அந்தக் காட்டுக்குக் கீழ மலையடிவாரத்துல இருக்கற வாய்க்காப்பட்டி ஆம்பளைங்க அத்தனை பேரையும் கூலியில்லா வேலைக்குப் புடிச்சுட்டு வரச்சொன்னாரு. மண்டபம் முடியுற வரைக்கும் ஒருத்தனும் ஊரு திரும்பக்கூடாது, இது ராசா வாக்குன்னுட்டாரு. நடவு நேரம் அது. நாத்துக்கட்டைக் கையில வச்சுக்கிட்டே பொம்பளைங்க வரப்புல நின்னு அழுதாங்க.

நேர்பாதை நேரா சேத்துல போய் எறங்குச்சு. வண்டி அச்சு வரைக்கும் முங்கிப்போச்சு. அலங்காரம்பிள்ளை யோசிச்சாரு. பக்கத்து மேட்டுல மரத்தை வெட்டி, சேத்து மேல குறுக்கால பரப்பி, அது மேல வண்டியை விடச்சொன்னாரு. ஓடுச்சு. ஒரே சந்தோசம். அடுத்த வண்டி வந்தப்ப பரப்பின மரமும் முங்குச்சு. அதுக்கு மேல இன்னொரு அடுக்கு. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கிளைப்பாதை, அதுக்கும் மரம். மேட்டுல பத்து மரம் கெடைச்சா, அங்க போன பாதை பன்னெண்டைத் தின்னுருக்கும். அலங்காரம்பிள்ளை விடல. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா நல்ல மரமா இருக்குன்னு ராசாவுக்கு ஆள் மேல ஆளா சொல்லி அனுப்பினாரு.

உத்தண்டி போய்ப் போய்ச் சொல்லிப் பார்த்தாரு. ராசா காதுலயே வாங்கல. மழை வந்துச்சு, போச்சு, மறுபடி வந்துச்சு. காட்டுக்குப் போனவங்க குளிர்காய்ச்சல்ல விழுந்தாங்க. சில பேரு எந்திரிக்கவேயில்ல.

கடைசில ராசாவே உத்தண்டியையும் கூட்டிக்கிட்டுப் பாக்கக் கெளம்பிட்டாரு. பாதை என்னமோ ஜோரு. பல்லக்கு ஆடல அசங்கல. போய் எறங்கிப் பார்த்தா, கண்ணுக்கெட்டின மட்டும் வெறும் அடிக்கட்டை. ஒரு குருவி உக்காரக் கொப்பு இல்ல.

"ஓய் அலங்காரம், மரமெல்லாம் எங்கய்யா?"

உத்தண்டிதான் சொன்னாரு. "அது மேலதான் நிக்கிறீங்க, மகாராசா."

ராசா குனிஞ்சு பார்த்தாரு. மூஞ்சி செவந்துருச்சு. அப்ப மண்டபம் எங்கன்னு குதிச்சாரு. வேற காடு தேடுங்க, இவனுகளையே ஓட்டிக்கிட்டுப் போங்கன்னாரு. பின்னால நின்ன வாய்க்காப்பட்டி ஆளுங்க அப்படியே உக்காந்துட்டாங்க.

உத்தண்டி சிரிச்சாரு. "மண்டபம்தான் முடிஞ்சுருச்சே, மகாராசா. தூணு ஆயிரத்துக்கும் மேலயே கெடக்கு. பக்கத்து ராசா மண்டபத்துல அவரு முன்னாலயே தூணெல்லாம் வெறைச்சுக்கிட்டு நிக்குது. மரியாதை தெரியாத தூணு. உங்களுதைப் பாருங்க. அத்தனையும் உங்க காலடியில நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்புடுது."

"கும்புடுதா?"

"எந்திரிக்கவே மாட்டேங்குதே."

"கூரை எங்கய்யா?"

"அண்ணாந்து பாருங்க. அம்மாம் பெரிய கூரை எந்த ராசாகிட்ட இருக்கு?"

ராசா அண்ணாந்து பார்த்தாரு. மூக்கால ஒரு சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. மண்டபம் முடிஞ்சது, எல்லாரும் ஊருக்குப் போங்கன்னுட்டாரு. கட்டின பெருமை அலங்காரம்பிள்ளைக்குத்தான், அதனால தூணை ஒவ்வொண்ணாக் கழுவித் துடைச்சுக்கிட்டு அவரு இந்தச் சேத்துலயே காவல் இருக்கட்டும்னாரு. உத்தண்டியைக் கூப்பிட்டு, "உன் புத்திக்கு இந்தக் காடு பூராவும் உனக்கே"ன்னு தூக்கிக் குடுத்தாரு. உத்தண்டி அடிக்கட்டைகளை ஒரு பார்வை பார்த்துட்டு, குனிஞ்சு வாங்கிக்கிட்டாரு.

ஆளுங்களை ஊருல விட அவரே கூடப் போனாரு. வாய்க்காப்பட்டியில வயலைக் காணோம். முன்னால காடு மழையைப் புடிச்சு வச்சு, வருசம் பூரா வாய்க்கால்ல கொஞ்சம் கொஞ்சமா விடும். இப்ப புடிச்சு வைக்க மரமில்ல. பேஞ்ச மழை அம்புட்டும் ஒரேயடியா மண்ணைத் தள்ளிக்கிட்டு எறங்கி வயலை மூடிருச்சு. அதுக்கப்புறம் வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல. பாதி வீட்டுல ஆளு இல்ல, வேற சீமைக்குப் பொழைக்கப் போயிட்டாங்க.

மாடக்கண்ணுன்னு ஒருத்தன், காட்டுச் சேத்துல தம்பியைப் பொதைச்சுட்டு வந்தவன், தன் வயலு எங்க இருந்துச்சுன்னு காலால சீய்ச்சுச் சீய்ச்சுத் தேடினான். வரப்பு தட்டுப்படல. அப்புறம் உத்தண்டி பக்கம் திரும்பினான்.

"சாமி, மகாராசா அடுத்த மண்டபம் எப்பக் கட்டுவாரு? அங்கன்னா ஒருவேளைக் கஞ்சியாச்சும் ஊத்துவாங்க."