சமாதானக்குடியிருப்பில் துக்க மணி

சமாதானக்குடியிருப்பு என்று அந்த ஊருக்குப் பேர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அங்கே மேலத்தெருவும் கீழத்தெருவும் முகம் பார்த்துப் பேசி நாற்பது நாள் ஆகிறது.

எல்லாம் ஒரு கல்லால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை பேராயர் வந்து திறக்கப் போகிற கல்வெட்டு. 'இந்தச் சபை பிறந்த ஆண்டு' என்பது வரைக்கும் கொத்தனார் வெட்டிவிட்டார். ஆண்டைத்தான் காணோம்.

அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் ஞானசிகாமணி சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இனியாவது வேதத்தை ஒழுங்காகப் படிப்போம் என்று உபதேசியார் கிதியோனிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். கிதியோனுக்கு முப்பத்தைந்து வயது. அஞ்சாம் வகுப்பில் அவரைக் கணக்கில் ரெண்டு தடவை பெயிலாக்கியது இதே ஞானசிகாமணி சார்தான். கர்த்தர் போடுகிற கணக்கே தனி!

சார் போனபோது கிதியோன் கோயிலுக்குள் வௌவால் எச்சத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, நம்ம சபை எப்பம் பிறந்துது?"

"ஊர்ல என்ன சொல்லுதாங்க?"

"மேலத்தெருவுல கேட்டா, எங்க பூட்டன் பனை ஓலைக் கொட்டகை போட்ட ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்தொண்ணுங்கான். கீழத்தெருவுல கேட்டா, அந்தக் கொட்டகையில கோழிதான் அடைஞ்சுது, எங்க தாத்தா கல் சுமந்து கோயில் கட்டுன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலுதான் கணக்குங்கான்."

"நீங்க மேலத்தெருல்லா?"

"ஆமா. தங்கச்சி ரெபேக்காளைக் கீழத்தெருவுல கட்டிக் கொடுத்திருக்கு. எழுவத்தொண்ணுன்னு எழுதினா நீ செத்தாலும் வரமாட்டேன்னுட்டா. நாலுன்னு எழுதினா எங்க தெருக்காரன் தனிக்கோயில் கட்டப் போயிருவான்." சார் தங்கை கையால் ஒரு வாய் காப்பி குடித்து நாற்பது நாள் ஆயிற்று. "போதும் உபதேசியாரே. இந்தச் சபை செத்துப் போச்சு."

கிதியோன் விளக்குமாற்றைச் சாத்தி வைத்தார்.

"அப்பம் துக்க மணி அடிங்க."

"என்னது?"

"செத்தா அடிக்கணும்லா? அதான நம்ம வழக்கம்."

"லே கிதியோன், உனக்கு என்ன..." என்று ஆரம்பித்த சார், தாம் சீடர் என்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். போய் மணிக்கயிற்றைப் பிடித்தார்.

டாண். ஒரு மூச்சு விட்டு, மறுபடி டாண்.

ஊர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. மேலத்தெருச் செல்லையா பாதிச் சவரத்தோடு வந்தார். வழியில் கால் பிசகிய கீழத்தெரு ஆசீர், யார் என்றுகூடப் பாராமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி.

"யாரு? யாரு?"

"ஐயோ, எங்க அண்ணனா? மாத்திரை போட்டாகளோ இல்லியோ!"

ரெபேக்காள்தான். குளித்துக்கொண்டிருந்தவள் சேலையை வாரிச் சுற்றிக்கொண்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். கூட்டத்தை இடித்து விலக்கிப் பார்த்தால், அண்ணன் கயிறும் கையுமாகக் குத்துக்கல் மாதிரி நிற்கிறார். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்த முதுகையே கட்டிக்கொண்டு அழுதாள். சாரும் அழுதார். கயிற்றை விட மறந்ததால் மணியும் ஒரு தடவை அடித்தது.

"அப்பம் செத்தது யாருவே?" என்றார் செல்லையா.

"சபை. சார்தான் சொன்னாக" என்றார் கிதியோன்.

செல்லையா அப்போதுதான் தம் தோளில் கிடந்த கை யாருடையது என்று பார்த்தார். தட்டிவிடலாம்தான். தட்டினால் ஆசீர் விழுந்துவிடுவார். தோளைக் கொடுத்தபடியே நின்றார்.

உளியோடு ஓடி வந்திருந்த கொத்தனாருக்கு அவர் கவலை. "சார், ஞாயிறு வந்துட்டே. வருசம் என்ன வெட்ட?"

சார் கிதியோனைப் பார்த்தார். கிதியோன், ரெபேக்காள் தலையிலிருந்து கோயில் தரையில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"இந்த வருசத்தையே போடச் சொல்லுங்க சார். இப்பத்தான பிறந்திருக்கு? ஈரங்கூட இன்னும் காயலயே."